நீர்த்தேக்கத்தில் மீன்குஞ்சு விடப்போய் என் தம்பி இறந்தது குறித்து

மேலே எழுதியுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்தாறு. மீன்குஞ்சுப் பண்ணையில் குஞ்சுகளைப் பைகளில் அடைக்கும் வேலை பார்க்கிறேன். என் கணவர் அதே பண்ணையில் வேன் ஓட்டுகிறார். இறந்தவன் என் கூடப்பிறந்த தம்பி, தச்சு வேலை செய்தவன். மனைவி பிரிந்துபோன பிறகு வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தான். அவனுடைய ஒரே மகள் என்னிடம்தான் வளர்கிறாள்.

சம்பவத்தன்று நீர்த்தேக்கத்தில் குஞ்சு விடும் வேலை இருந்தது. நான்தான் அவன் கதவைத் தட்டி, "எத்தனை நாளைக்குடா இப்படிச் சுவத்தையே பாத்துக்கிட்டுக் கெடப்ப? வந்து ரெண்டு பையாவது தூக்கு" என்று சண்டை பிடித்து அழைத்துப் போனேன். வேனில் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டான். "மச்சான், குஞ்சுங்க தூங்குது, குறட்டை விட்டு எழுப்பிடாத" என்று என் கணவர் கேலி செய்ததற்குச் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. வழியில் டயர் பஞ்சராகி நேரமாகிவிட்டது.

பைகளைக் கொண்டுபோனதும் அவிழ்க்க மாட்டோம். பையில் கொஞ்சம் தண்ணீரும் குஞ்சும் போட்டு, மீதி இடத்தில் ஆக்சிஜன் அடைத்து, வாயை ரப்பர் போட்டு இறுக்கியிருக்கும். அதை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்ளே உள்ள சூடும் வெளியே உள்ள சூடும் ஒன்றான பிறகே அவிழ்ப்போம். அதுவரை பைகள் நகராமல் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்துக்கொள்வார். அந்த வேலையைத் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

அவன் அப்படி நின்றுகொண்டிருந்தபோது காற்று கிளம்பி இரண்டு பைகள் விலகிப் போயின. பிடிக்கப் போனவன் காலுக்கு அடியில் தரை விட்டுப்போகவே, இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு மிதந்தான். ஊதின தலையணை போல அவை அவனைத் தாங்கின. காற்று அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனது. படகு தூரத்தில் கட்டியிருந்ததால் என் கணவர் அதை எடுக்க ஓடினார். தம்பி பயந்த மாதிரியே இல்லை. "அக்கா, குஞ்செல்லாம் மேல வந்து வாயைத் தொறக்குதுக்கா, என்ன பண்றது?" என்று கேட்டான். மூச்சு முட்டினால்தான் குஞ்சு அப்படி மேலே வரும்; பஞ்சரில் நேரமானதால் பையில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். எங்கள் வேலையில் நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தை வாயில் வந்துவிட்டது. "அவுத்து விடுறா, செத்துரும்" என்று கத்தினேன்.

சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் ஏன் என்று கேட்க மாட்டான். ஒரு பையைப் பல்லால் அவிழ்த்தான். அதில் இருந்த காற்று போய்ப் பை சப்பையானது. ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே மற்றதன் வாயையும் கடித்து அவிழ்த்தான். "ஐயோ பாவி, அதை விட்றாதடா" என்று நான் அலறியது அவனுக்குக் கேட்டதா என்று தெரியாது. தலை ஒரு தடவை மேலே வந்தது. அதன் பிறகு படகு வந்து, வலை போட்டு எடுத்தபோது உயிர் இல்லை.

"செத்தா நல்லாருக்கும்" என்று தம்பி போன மாதம் சொன்னதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறாராம். அதை வைத்துத் தற்கொலை என்று முடிக்கப் போவதாக இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னார். தம்பி அப்படிச் சொல்லியிருக்கலாம். சாகப் போகிறவன் குஞ்சைப் பிழைக்க வைக்க என்ன பண்றது என்று கேட்பானா? அப்பா தன்னை வேண்டாம் என்று விட்டுப் போனார் என அந்தப் பிள்ளை காலமெல்லாம் நினைக்கக் கூடாது. "அவுக்கச் சொன்னதை மட்டும் சொல்லாத, கேஸ் உன் தலையில விழும்" என்று என் கணவர் தடுத்தார். விழட்டும். அவள் இனி என் முகத்தில் முழிக்காமல் போனாலும் போகட்டும்.

நான் சொல்லச் சொல்ல ஸ்டேஷனில் எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். "தவறுதலாக மூழ்கி" என்று அவர்களாகச் சுருக்கி எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "அக்கா சொன்னதைக் கேட்டு அவிழ்த்ததால்" என்று எழுதச் சொன்னேன், எழுதினார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடி, நடந்தபடி இருக்கிறது. கீழே இருப்பது என் கையெழுத்து.