பதினாலாம் தேதி கான்கிரீட்

— கிட்ட வராதே அண்ணே, முதல்ல கையைக் கழுவிட்டு வரேன்.

— சைட் நோட்டைத்தானே தொட்ட, நர்சம்மா? பொணத்தையா தொட்ட?

— பொணத்தைத் தொட்டா இவ்வளவு கூசாது. சீ! நீயே பாரு. பதினாலாம் தேதி, நாலாவது மாடித் தளம். கான்கிரீட் போட்டாச்சு, பலம் பார்க்க அதுலேருந்து அச்சுல ஊத்தி ஆறு க்யூப் எடுத்தாச்சு. இருபத்தொண்ணாம் தேதி அதுல மூணை நசுக்கிப் பார்த்தாச்சு, பலம் பத்தொம்போது புள்ளி எட்டு. கீழ உன் கையெழுத்து.

— சைட் சூப்பர்வைசர் போடாம வாட்ச்மேனா போடுவான்? எழுத்து முத்து முத்தா இல்லையா?

— முத்துதான். ஆனா பதினாலாம் தேதி இங்க ஒரு கரண்டி கான்கிரீட் கூட விழலையே.

— யார் சொன்னா?

— நீதான் சொன்ன. காலேஜ்லேருந்து நாங்க ஒன்பது பேர் தளம் போடறதைப் பார்க்க வந்தோம். பம்ப் ரிப்பேர், நாளன்னிக்கு வாங்கன்னு எங்களைத் திருப்பி அனுப்பினியே. பேங்க்ல கேஷியரா இருந்தவர் ஒரு நாள் வீணாப் போச்சேன்னு புலம்பினார். கப்பல்ல சமைச்சவர் உன் டீயைக் குடிச்சுட்டு முகத்தைச் சுளிச்சார்.

— அந்தாளு என் டீயைக் குறை சொல்றானா? நல்ல கூட்டம்மா உங்க கூட்டம். கேஷியரு, சமையல்காரரு, டான்ஸ் டீச்சரு, நர்ஸு. நாப்பது வயசுல பையைத் தூக்கிக்கிட்டு கட்டுமான மேலாண்மை படிக்க வந்துட்டீங்க. நான் இருபத்தாறு வருஷமா இந்தத் தூசியைத் தின்னுட்டிருக்கேன், எனக்கு ஒரு சர்டிபிகேட் கொடுக்க நாதியில்லை.

— பேச்சை மாத்தாதே. போடாத கான்கிரீட்டுக்கு எப்படி அண்ணே பலம் வந்துச்சு?

— இங்க பாரு, ஒண்ணும் ஆகாது. சுவத்துல ஒட்டியிருக்கு பாரு வேலை அட்டவணை, அதுல பதினாலுன்னு இருந்துச்சு. மாசக் கடைசியில மொத்தமா உட்கார்ந்து எழுதும்போது அதைப் பார்த்தே எழுதிட்டேன். தள்ளிப் போனது ஞாபகத்துல இல்லை. அவ்வளவுதான். பதினாறுன்னு திருத்திட்டாப் போச்சு.

— மொத்தமா உட்கார்ந்து எழுதினியா?

— அது... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— அப்போ நசுக்கிப் பார்த்தது யாரு? உனக்குப் பின்னாடி நிக்குதே, அதானே நசுக்குற மெஷின்? திரும்பிப் பாரு. அது மேல ரெண்டு சாப்பாட்டு டப்பா, ஒரு ஈரத் துண்டு, பல்லி எச்சம். விரலை வச்சேன், ஒரு ரூபாய் கனத்துக்குத் தூசி. இந்த மெஷின் ஓடி எத்தனை மாசம் ஆச்சு?

— ரெண்டு... மூணு மாசம். ஆயில் ஒழுகுது. ஆபீசுக்கு லெட்டர் போட்டிருக்கேன்.

— க்யூப் ஊற வைக்கிற தொட்டி? போய் எட்டிப் பார்த்தேன். பச்சைப் பாசி, செத்த எலி ஒண்ணு மிதக்குது. அடியில மூணே மூணு க்யூப். மேல போன வருஷத் தேதி.

— அது யாராவது வந்தா காட்டறதுக்கு.

— காட்டறதுக்கு! கருமம். வாய் கூசாம எப்படி அண்ணே சொல்ற?

— சத்தம் போடாதே. இது தகர ரூம், பேசினா வெளியில அப்படியே கேக்கும்.

— கேக்கட்டும். லிப்ட் குழிக்குள்ள மூத்திரம் போறாங்க. மாடிப்படி பூரா எச்சில். அதெல்லாம் கூட லைசால் போட்டுத் தேய்ச்சாப் போயிடும். இதை எதைப் போட்டுத் தேய்ப்ப?

— நீ ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான். எதைக் கண்டாலும் சீ, சீ. அதான் அங்க காலம் தள்ள முடியலை.

— பதினாறாம் தேதி எங்களால வர முடியலை. அன்னிக்குப் போட்டீங்களே, அதுலேருந்தாவது க்யூப் எடுத்தீங்களா?

— அன்னிக்கு எங்க நேரம்? காலையிலேருந்து ஒரே ரகளை. ரோட்ல எதுவோ கவுந்து கான்கிரீட் லாரி மூணு மணி நேரம் நின்னு போச்சு. வந்து சேர்ந்தப்ப உள்ள சரக்கு இறுகிப் போச்சு, பம்ப்ல ஏற மாட்டேங்குது. அப்புறம் டிரைவர்...

— டிரைவர்?

— ஒண்ணுமில்லை, விடு.

— தண்ணி ஊத்தினாரா?

— கொஞ்சமாத்தான்.

— எவ்வளவு?

— ஓஸ் பைப்பைப் பிடிச்சு ஊத்தினவனை நான் அளந்தா பார்த்தேன்? எல்லா சைட்லயும் ஊத்தறதுதான். ஒண்ணும் ஆகாது.

— தண்ணி கூடினாப் பலம் பாதியாப் போயிடும்னு எனக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுத்துட்டாங்க. உனக்கு இருபத்தாறு வருஷமாத் தெரியும். அது மேல அஞ்சு, ஆறு, ஏழுன்னு மூணு மாடி ஏத்திட்டீங்க. இன்னும் அஞ்சு மாடி வரப்போகுது. கீழ அந்தத் தளத்துக்கு என்ன பலம்னு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது. நோட்டுல மட்டும் பத்தொம்போது புள்ளி எட்டு.

— உட்காரு. தண்ணி குடி.

— உன் கையால எதுவும் வேணாம்.

— அடியே, கூடப் பொறந்தவன்டி நான். உனக்கு ஆய்வுக்கு சைட் கிடைக்கலைன்னு அழுதப்ப எஞ்சினியர் கிட்டக் கெஞ்சி இதை வாங்கிக் கொடுத்தது யாரு? உன் தலையில இருக்கே, அந்த ஹெல்மெட்ல நர்சம்மான்னு என் கையால பெயிண்ட் அடிச்சுக் கொடுத்தது யாரு?

— நீதான். அதனாலதான் காலேஜ்ல மூணு மணி வைவா பரீட்சைக்கு நேராப் போகாம ஒரு மணிக்கு உன்னைத் தேடி வந்திருக்கேன்.

— என்ன பண்ணணும்ங்கிற?

— எஞ்சினியர் பக்கத்து ரூம்ல சாப்பிட்டுட்டிருக்கார். அவர் கை கழுவினதும் நீயே போய்ச் சொல்லணும். நாலாவது மாடியில க்யூப் எடுக்கலை, தண்ணி ஊத்தினாங்க, தளத்துல துளை போட்டுத் துண்டு எடுத்து சோதிச்சுடுங்கன்னு. மேல வேலையை இன்னிக்கே நிறுத்தணும்.

— சொன்னா என் வேலை போயிடும்.

— போகும்.

— போலீஸ் கேஸ் கூட ஆகலாம்.

— ஆகலாம். நீயா சொன்னா கொஞ்சம் கம்மியாகும். சொல்லலைன்னா மூணு மணிக்கு என் ஆய்வுல அது வரும். பக்கம் அறுபத்திரெண்டு. உன் பேர் போடலை, கையெழுத்து இருக்கு.

— உன் கைடு என்ன சொன்னார்?

— நம்பர் எல்லாம் அழகா இருக்கு, திருப்திகரம்னு எழுதி முடிச்சுடுங்க, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு வம்புன்னார்.

— விவரமான மனுஷன்! அவர் சொல்றதைக் கேளேன். திருப்திகரம்னு ஒரு வார்த்தை, உனக்குப் பட்டம், எனக்கு வேலை. மனசு ஒப்பலையா, வேற சைட் எடு. ஆறு மாசம் தள்ளிப் போகும், போகட்டும். ஆஸ்பத்திரி பிடிக்கலைன்னு சத்தமில்லாம விட்டுட்டு வந்தியே, அந்த மாதிரி இதையும் விட்டுட்டுப் போ. யார் உன்னைக் கேக்கப் போறா?

— அந்த மாதிரி விட்டுட்டுப் போகத்தான் கூடாது.

— ஒண்ணு மட்டும் சொல்லு. இந்த நோட்டை எஞ்சினியர் பார்த்தார், ஆபீஸ்லேருந்து வந்து ரெண்டு பேர் பார்த்தாங்க, உன் கைடும் பார்த்தார். ஒருத்தனுக்கும் தோணலை. ஒரு வருஷம் படிச்ச உனக்கு எப்படித் தோணுச்சு? அந்தத் தேதியை வச்சா?

— தேதியை அப்புறம்தான் பார்த்தேன். முதல்ல பார்த்தது மை. மூணு மாசத்துக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரு பக்கத்துல கூட டீக்கறை இல்லை, சிமெண்ட் விரல் பதியலை. தினம் தினம் எழுதற நோட்டு இவ்வளவு சுத்தமா இருக்காது. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திரிக்காம எழுதினாத்தான் இப்படி இருக்கும்.

— இதெல்லாம் காலேஜ்ல சொல்லித் தராங்களா?

— இல்லை, வார்டுல தெரிஞ்சுக்கிட்டது. காலையில ஆறு மணிக்கு எல்லாரையும் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல், நாடி எழுதணும். முப்பத்தெட்டு பெட், ஒரே ஒரு நர்ஸ். மூணு மணிக்கே மேஜையில உட்கார்ந்து ஆறு மணிக்கானதை எழுதி வச்சுட்டா வேலை சுளுவு. எட்டாம் நம்பர் பெட்ல ஒரு பெரியவர். காய்ச்சல் இல்லை, நாடி எழுபத்திரெண்டுன்னு எழுதியாச்சு. நாலு மணிக்கு அவர் செத்துட்டார்.

— ஐயையோ.

— யாரும் கிட்டப் போய்ப் பார்க்கலை. ஏழு மணிக்கு அவர் பொண்ணு பல் தேய்க்க வெந்நீர் கொண்டு வந்து எழுப்பினா. உடம்பு சில்லுன்னு விறைச்சுக் கிடக்குது. அவ கட்டில் கால்மாட்டுல தொங்கற சார்ட்டைப் பார்த்துட்டு, அப்போ ஆறு மணிக்கு அப்பா நல்லாத்தானே இருந்திருக்கார்னு கேட்டா.

— த்தூ! செத்துக் கிடக்கிறவருக்கு நாடி எழுதினாளா? என்ன ஜென்மம்டி அவ? என்னைச் சொன்னியே, நான் சிமெண்ட்டுக்கு எழுதினேன், மனுஷனுக்கு எழுதலையே! அவளைச் சும்மாவா விட்டாங்க?

— விட்டாங்க. சார்ட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதினாங்க. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை. அவளும் யார் கிட்டயும் சொல்லலை.

— சோறு எப்படி இறங்குச்சு அவளுக்கு? அவ இப்ப எங்க இருக்கா?

— நீ பேர் எழுதிக் கொடுத்த ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு உன் முன்னாடிதான் நிக்கிறா. எழுந்திரு அண்ணே, எஞ்சினியர் கை கழுவற சத்தம் கேக்குது.