தமிழ் வாத்தியாரின் ஆறாவது அட்டெம்ப்ட்

இருங்கோ பௌதி, தமிழ் க்ளாஸ் ஃபார்ம்ல கையெழுத்துப் போட ஒண்ணும் அவசரமில்ல. உங்க பொண்ணு கவிதா கீழ பசங்களோட விளையாடட்டும். மொதல்ல உங்க தம்பி விஷயத்தை முடிச்சுடலாம். கோவில்பட்டிலேர்ந்து சிவில் சர்வீஸ் எழுதப் போறான்னேளே, சரியான ஆள்கிட்டதான் கேட்டேள். இந்தக் கல்கத்தா பாலிகஞ்ச்ல அந்தப் பரீட்சைல என்னை மாதிரி விதவிதமா ஃபெயிலானவன் வேற யாரும் கிடையாது.

பௌதின்னா பெங்காலில அண்ணி. இங்க வாய்ல அப்படித்தான் வந்துடறது, தப்பா எடுத்துக்காதீங்கோ.

ஆகஸ்ட் ஒண்ணாந்தேதிக்கு இருபத்தொண்ணு முடிஞ்சிருக்கணும், முப்பத்திரண்டு ஆகியிருக்கக் கூடாது. ஏதோ ஒரு டிகிரி போதும். ஜெனரல்னா ஆறு தடவை எழுதலாம். தம்பி ஓபிசியா? அப்போ ஒன்பது தடவை, முப்பத்தஞ்சு வயசு வரைக்கும். என்னைவிட மூணு தடவை கூடவே அவமானப்படலாம்.

எனக்கு இது ஆறாவது. அக்டோபர்ல முப்பத்திரண்டு. இத்தோட கடை மூடியாச்சு.

ப்ரிலிம்ஸ் ரெண்டு பேப்பர். மொத பேப்பர் நூறு கேள்வி, தப்பாப் போட்டா அந்தக் கேள்வி மார்க்குல மூணுல ஒரு பங்கைப் பிடிச்சுப்பா. மொத வருஷம் அது தெரிஞ்சும் ஒண்ணைக்கூட விடாம எல்லாத்தையும் கறுப்படிச்சுட்டு வந்தேன். காலியா விட்டா மரியாதையா இருக்காதுன்னு ஒரு எண்ணம். ரெண்டாவது பேப்பர் கணக்கு, லாஜிக் எல்லாம். முப்பத்திமூணு பர்சென்ட் எடுத்தாப் போதும், கட்-ஆஃபுக்குச் சேராது. சேராததுக்கு எதுக்கு மெனக்கெடணும்னு விட்டேன். பேங்க் மேனேஜர் பிள்ளை, ரெண்டாவது வருஷம் கணக்குல அவுட்.

சிரிங்கோ, தாராளமாச் சிரிங்கோ.

மூணாவது வருஷம் நல்ல ஜுரம். மொத பேப்பர் எழுதிட்டு மத்யானம் வீட்டுக்கு வந்துட்டேன். ஒரு பேப்பர்ல உக்காந்தாலே ஒரு அட்டெம்ப்ட் போயாச்சு, இதைத் தம்பிகிட்ட கண்டிப்பாச் சொல்லுங்கோ. ஜுரம்னா போர்த்திண்டு படுத்துக்கட்டும். நாலாவதைப் பத்திப் பேச வேண்டாமே.

போன வருஷம் மெயின்ஸ் வரைக்கும் போனேன். ஒன்பது பேப்பர், அதுல ஏழுக்குத்தான் ராங்க் மார்க், ஆயிரத்து எழுநூத்தி அம்பது. இண்டர்வ்யூ இருநூத்தி எழுபத்தஞ்சு. அப்பா ரிசல்ட் வரதுக்கு முன்னாடியே பக்கத்து ஃப்ளாட்டுக்கெல்லாம் சந்தேஷ் ஸ்வீட் குடுத்துட்டார். ரிசல்ட்ல என் நம்பர் இல்ல. ஆப்ஷனல் எகனாமிக்ஸ்ல போயிடுத்துன்னு சொன்னேன். அப்பா இன்னிவரைக்கும் எகனாமிக்ஸைத் திட்டிண்டிருக்கார்.

அப்பாவை நீங்க பாத்திருக்கேள். தமிழ்ச் சங்கத்து செக்ரட்டரி லக்ஷ்மிநாராயணன், வாசல்ல உங்களுக்கு இந்த ஃபார்ம் குடுத்தவர். மெயின்ஸ்ல தமிழ் எழுதின பிள்ளை வீட்ல இருக்கச்சே வெளியாள் எதுக்குன்னு, ஞாயித்துக்கிழமை தமிழ் க்ளாஸை என் தலைல கட்டினது அவர்தான்.

மீதி ரெண்டு பேப்பரா? கரெக்டாப் பிடிச்சுட்டேள், யாருமே கேக்க மாட்டா. ஒண்ணு இங்கிலீஷ், இன்னொண்ணு ஏதாவது ஒரு இந்திய பாஷை. பத்தாங்கிளாஸ் லெவல்தான், முன்னூறுக்கு எழுபத்தஞ்சு எடுத்தாப் போதும். ராங்குக்குச் சேராது. ஆனா அது வரலைன்னா மத்த ஏழு பேப்பரையும் திருத்தவே மாட்டா.

என் எகனாமிக்ஸை யாரும் பிரிச்சே பாக்கலை பௌதி. நான் போனது தமிழ்ல.

பெங்காலி எடுத்திருக்கலாமேன்னு கேக்கறேள். ஸ்கூல் பூரா பெங்காலிதான் படிச்சேன், தூங்கிண்டே எழுதினாலும் பாஸ். பரீட்சைக்கு ஃபார்ம் போடறச்சே அப்பா பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டுண்டு உக்காந்திருந்தார். இந்த வருஷமும் உக்காந்திருந்தார். அவர் மூஞ்சியைப் பாத்துண்டு வேற பாஷையை அழுத்த எனக்குக் கை வரலை. ப்ரிலிம்ஸ் பாஸாயிட்டேன், மெயின்ஸுக்கு ஏழு வாரம் இருக்கு. நான் வீட்ல பேசிப் பேசித் தமிழ் கத்துண்டவன். பேனாவை எடுத்தா நாலு வரிக்கு மேல ஓடறதில்ல. வெட்கமா இருக்கு, அதைவிட பயமா இருக்கு.

அதனாலதான் கையெழுத்துப் போடாதீங்கோன்னு சொல்ல வந்தேன். கவிதா கோவில்பட்டில ஆறாங்கிளாஸ் வரைக்கும் தமிழ்லயே படிச்சவ, அவளுக்குச் சொல்லிக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை அவளை அனுப்புங்கோ, ஸ்டூடண்டா வேண்டாம். நான் எழுதற கட்டுரையைத் திருத்தட்டும். போன வாரம் அவ இங்க விளையாட வரச்சே உங்களைக் கேக்காமயே ஒண்ணு குடுத்துட்டேன், மன்னிச்சுக்கோங்கோ. நூத்துக்கு இருபது போட்டிருக்கா. பாஸுக்கு இருபத்தஞ்சு வேணும். ஏழு வாரத்துல அஞ்சு மார்க் ஏத்திடலாம் அங்கிள், ஆனா தினம் எழுதணும்னு சொல்லிட்டுப் போயிருக்கா.