சிறையிருந்த அகழானும் மாடிப்படியில் விழுந்தவரும்

இந்த வாக்குமூலத்துக்காக என் பெயரையும் வீட்டு முகவரியையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது எழுபத்து மூன்று. கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். வாசகர் வட்டத்தில் என்னை எலும்பு வாத்தியார் என்று கூப்பிடுவார்கள்.

பேசும்போது கோர்வை தவறிவிடும் என்ற பயத்தில், சொல்ல வேண்டியவற்றை வீட்டிலேயே தலைப்புகளாக எழுதிக் கொண்டுவந்தேன். அவை முதலில் பதியப்பட்டன:

1. அந்த மாடி அறைக்கு நான் போன காரணம்.
2. தகராறுக்கு மூலமான சொல்.
3. நான் சொன்ன பதிலும் அதனால் வந்த வினையும்.
4. தையல்காரரின் மிரட்டல் என்று சொல்லப்படும் வார்த்தை.
5. தையல்காரர் தம் மச்சானைப் படியில் தள்ளியது.

சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே உள்ள அறையில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் பத்துப் பேர் கூடுவோம். அகழான் என்ற கற்பனை மிருகத்தைப் பற்றிய ஏழு பாக நாவலைப் படித்தவர்கள் நாங்கள். நாவலாசிரியர் காலமாகிவிட்டார். புத்தகத்தில் படங்கள் கிடையாது. ஆகையால் அகழானுக்கு வால் எத்தனை முழம், காது மடங்குமா என்பதெல்லாம் எங்கள் பேச்சாக இருந்தது. எலும்பு பற்றிக் கேட்டால் சொல்ல ஆள் வேண்டும் என்று மருந்துக்கடைக்காரர்தான் என்னை அழைத்தார். வீட்டில் தனியாக இருப்பவன் என்பதால் போனேன்.

மருந்துக்கடைக்காரரின் தங்கையைத் தையல்காரர் மணந்திருக்கிறார். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே வண்டியில்தான் கூட்டத்துக்கு வருவார்கள்.

நான்காம் பாகத்தில், ‘சிறையிருந்த அகழான் கோட்டையை விட்டு அகன்றது’ என்று ஒரு வரி வருகிறது. சிறை என்றால் காவல். பழைய வழக்கில் சிறகுக்கும் சிறை என்றே பெயர். அகழான் அடைபட்டுக் கிடந்தது என்பது மருந்துக்கடைக்காரர் கட்சி. அதற்குச் சிறகு இருந்தது என்பது தையல்காரர் கட்சி. முதல் கட்சியைக் கம்பிக்காரர்கள் என்றும் மற்றதை இறக்கைக்காரர்கள் என்றும் கேலியாகச் சொல்வோம். இரண்டாம் பதிப்பில் ‘சிறை இருந்த’ என்று பிரித்து அச்சிட்டிருந்ததால் இறக்கைக்காரர்களுக்கு உற்சாகம் கூடியது. அது அச்சுக்கோத்தவர் விட்ட இடைவெளி என்று கம்பிக்காரர்கள் சொன்னார்கள்.

அதன் பிறகு இரு கட்சியாரும் என்னிடம் வந்தார்கள். அகழானுக்குத் தட்டை மார்பு என்று இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. பறக்கும் பறவைகளுக்கு நெஞ்செலும்பு கத்தி முனைபோல் முன்னால் புடைத்திருக்கும், அதில்தான் பறக்கும் தசை பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினேன். கம்பிக்காரர்கள் கைதட்டினார்கள். ஆனால் தட்டை மார்புள்ள நெருப்புக்கோழிக்கும் சிறகு உண்டு என்று உடனே சேர்த்தேன். இறக்கைக்காரர்கள் கைதட்டினார்கள். ‘வாத்தியார் பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுறார்’ என்று மருந்துக்கடைக்காரர் சிரித்தார். எனக்கு யாருடைய முகமும் வாடக்கூடாது. அவ்வளவு பெரிய உடம்பில் சிறகு எப்படி மடங்கும் என்று தையல்காரர் கேட்டபோது, ‘செஞ்சு பார்த்தாத்தான் தெரியும்’ என்றேன். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

சம்பவத்தன்று தையல்காரர் பழைய குடைகளின் துணியையும் கம்பிகளையும் கொண்டு ஒரு ஜோடி சிறகு தைத்து எடுத்து வந்தார். மணிக்கட்டில் மாட்ட எலாஸ்டிக் பட்டை வைத்திருந்தார். மடித்தால் மழைக்கோட்டுபோல் முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேலை மிகவும் சுத்தம்.

மருந்துக்கடைக்காரர் வாசற்படியில், வெளியே இறங்கும் இரும்புப் படிக்கு முதுகைக் காட்டி, கைகட்டி நின்றிருந்தார். அவர், ‘ஊரார் சட்டையெல்லாம் தைக்காமக் கிடக்கு. இல்லாத மிருகத்துக்கு அளவெடுத்துட்டு வந்திருக்கார் மாப்பிள்ளை’ என்றார்.

தையல்காரர், ‘மாத்திரை எண்ணுற கையால எழுத்தை எண்ணாதீங்க மச்சான். இன்னைக்கு உங்களை மண்ணைக் கவ்வ வைக்கிறேன், பாருங்க’ என்றார்.

‘வைங்க, வைங்க’ என்று ஒருவர் தையல்காரரை உசுப்பிவிட்டு, ‘உங்க தங்கச்சிக்கும் சொல்லி அனுப்பட்டுமா?’ என்று மருந்துக்கடைக்காரரைச் சீண்டினார். எல்லோரும் சிரித்தோம். மருந்துக்கடைக்காரரும் சிரித்தார். மண்ணைக் கவ்வ வைப்பது என்றால் எங்களிடையே வாதத்தில் தோற்கடிப்பது. சதுரங்கத்தில் தோற்றவரையும் அப்படித்தான் சொல்வோம். புகாரில் அது கொலைமிரட்டல் என்று எழுதப்பட்டிருப்பதாக அறிகிறேன். அந்தப் பொருளில் அது சொல்லப்படவில்லை.

அதன் பிறகு தையல்காரர் நாற்காலிகளுக்கு நடுவே இடம் போதாமல் வாசல் பக்கம் வந்து, சிறகுகளை விரித்தார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் இருந்தார்கள். முழங்கால் வலியால் கதவோரம் உட்கார்ந்திருந்த எனக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் நடுவே கறுப்புத் துணி வந்தது. துணியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இரும்பில் தடதடவென்று சத்தம் கேட்டது. தையல்காரர், ‘மச்சான்’ என்று கூப்பிட்டபடி இறங்கி ஓடினார். சிறகு கைப்பிடியில் மாட்டிக் கிழிந்தது. அதைக் கழற்ற அவருக்குத் தோன்றவில்லை. கீழே மருந்துக்கடைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அவரை ஆட்டோவில் ஏற்றும்போதும் தையல்காரர் தோளில் கம்பிகள் தொங்கின.

அதன் பிறகு மருத்துவமனைக்குப் போனோம். இடுப்பெலும்பு முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். மருந்துக்கடைக்காரர் வலியில், நெஞ்சில் ஏதோ இடித்தது, தள்ளிவிட்டார் என்று சொன்னார். அவருக்கு அப்படிப் பட்டிருக்கலாம். பொய் சொல்கிற மனிதர் அல்ல. காவலர் ஒருவர் வந்து, ‘தள்ளினாரா ஐயா?’ என்று என்னைக் கேட்டார். வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டு, ‘அப்படித்தான் இருக்கணும்’ என்றேன். அவர் தம் குறிப்பில் ‘தள்ளினார்’ என்று எழுதியதைப் பார்த்தேன். திருத்தச் சொல்ல வாய் வரவில்லை. அன்றே தையல்காரரை அழைத்துப் போனார்கள்.

மறுநாள் தையல்காரரின் மனைவி அண்ணனுக்குக் கஞ்சி வைத்திருந்த தூக்குடன் மருத்துவமனை வராந்தாவில் நின்றார். ‘ஐயா, உள்ள போனா அண்ணன் முகத்தைத் திருப்பிக்கிறார். ஸ்டேஷனுக்குப் போனா அவர் தலையைத் தூக்க மாட்டேங்கிறார். நான் எங்க போய் உட்காருறது?’ என்று கேட்டார். அவரைப் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

இவ்வளவும் யாரும் சொல்லித் தராமல், என் நினைவில் உள்ளபடி நானாகச் சொன்னது. வாசித்துக் காட்டக் கேட்டேன்.

கையெழுத்திடும் முன் சேர்த்தது: மேலே ஐந்தாவதாக நான் எழுதிக் கொண்டுவந்த தலைப்பு தவறு. தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதிக்கொள்ளலாம் என்று இதைப் பதிந்த அதிகாரி பெருந்தன்மையாகச் சொன்னார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், கீழே திருத்தம் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். தையல்காரர் தள்ளியதை நான் பார்க்கவில்லை. கை பட்டதா, குடைக்கம்பி பட்டதா, எதுவும் படாமல் மருந்துக்கடைக்காரரே ஓரடி பின்னால் வைத்தாரா என்பது எனக்குத் தெரியாது.

(ஒப்பம்)