ஒன்றரை விநாடி பிந்தும் கேமரா

என் பெயரையும் என் தகப்பனார் பெயரையும் எழுத்தர் மேலே உள்ள கட்டத்தில் எழுதிக்கொண்டார். அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் கேட்டால் யாரும் வழி காட்ட மாட்டார்கள், தராசுக்காரர் வீடு என்று கேட்டால்தான் காட்டுவார்கள். வயது எழுபத்திரண்டு. தொழில், தராசும் எடை இயந்திரமும் பழுதுபார்த்தல். ஓய்வு பெற்றவர் என்று எழுத்தர் எழுதினார், நான் ஓய்வு பெறவில்லை, வேலை வருவது நின்றுவிட்டது, ஆகையால் அதை அடிக்கச் சொன்னேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் நானே பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. விலாசம், பழைய மரக்கடைக்குப் பின் தெருவில், ஒரே கூரையின் கீழ் நடுச்சுவரால் பிரிந்த இரட்டை வீட்டின் இடது பக்கம். வலது பக்கத்தில் என் தம்பி குடியிருக்கிறான். வயது அறுபத்தைந்து, கப்பலில் மின்வேலை பார்த்தவன். ஏழு நாட்களாக ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடப்பவன் அவன்தான். நான் ஏணியைத் தட்டிவிட்டு, அவன் விழுவதை நின்று படம் பிடித்தேன் என்று அவன் மனைவி புகார் கொடுத்திருக்கிறார். அதற்கு நான் சொல்லும் பதில் பின்வருமாறு.

மேற்படி படம் எடுத்த கேமரா இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்பு என் தம்பி கப்பலிலிருந்து இறங்கி வந்தபோது எனக்குக் கொண்டுவந்து கொடுத்தது. "அண்ணே, இதுக்கு ஃபிலிமே வேண்டாம், நீதான் எதையும் பிரிச்சுப் பாப்பியே, இத மட்டும் பிரிக்காத" என்று சொல்லிக் கொடுத்தான். வெள்ளி நிறம். சோப்புக்கட்டியைவிடச் சற்றுப் பெரிது. நான்கு பென்சில் பேட்டரி போட வேண்டும், பேட்டரி மூடியின் கொக்கி உடைந்துவிட்டதால் ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன். பின்னால் உள்ள திரை தீப்பெட்டி அளவு. இருபது படம் எடுத்தால் உள்ளே போட்டிருக்கும் நினைவு அட்டை நிறைந்துவிடும். கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு நாற்பது நாளில் படித்து முடித்தேன். இன்றைக்கு எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும், பெரியவரே இதை இன்னுமா வைத்திருக்கிறீர்கள் என்று சிரிக்கிறார்கள். சிரிப்பவர்கள் கையில் இருக்கும் போன் மூன்று வருடம் தாங்குவதில்லை என்பதையும் பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டேன்.

அந்தக் கேமராவில் ஒரு பிழை உண்டு. பொத்தானை அமுக்கியவுடன் படம் விழாது. கர் என்று ஒரு சத்தம் வந்து, யோசித்து, அதன் பிறகுதான் விழும். கைக்கு வந்த வாரத்தில் எடுத்த படங்களில் எல்லோருக்கும் முதுகுதான் இருக்கிறது, அமுக்கியாயிற்று என்று நினைத்து எழுந்து போயிருக்கிறார்கள். அதன் பிறகு நான் சுவர்க் கடிகாரத்தை எதிரே வைத்து, விநாடி முள் பன்னிரண்டைத் தொடும்போது அமுக்கினேன். படத்தில் முள் ஒன்றரை விநாடி தள்ளி இருந்தது. பத்துத் தடவை எடுத்தேன், பத்துத் தடவையும் அதே ஒன்றரை. எல்லாத் தராசிலும் பிழை உண்டு, பிழை எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அது நல்ல தராசு. ஆகையால் ஒன்றரை என்று காகிதத்தில் எழுதிக் கேமராவின் அடியில் ஒட்டிவைத்தேன். அந்தக் காகிதம் இப்போதும் அங்கே இருக்கிறது, கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் அதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

அதன் பிறகு என் தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். "அண்ணன் அமுக்கினா யாரும் அசையக் கூடாது, நான் ஒண்ணு ரெண்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் மூச்சக்கூட விடக் கூடாது" என்று வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு போட்டான். அவனும் படத்தில் நின்றுகொண்டே எண்ணுவான். அந்தக் காலத்துப் படங்கள் முப்பத்தெட்டும் என் ஆல்பத்தில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருக்க, என் தம்பி மட்டும் உதட்டைக் குவித்துக்கொண்டிருப்பான். ரெண்டு என்று சொல்லி முடிக்கும்போது படம் விழும் என்பதால் அப்படி. கப்பல் வேலையை விட்ட பிறகு பிந்தி நடந்த அவனுடைய கல்யாணப் படத்திலும் அப்படித்தான். "மாமா, உங்க தம்பி என் கல்யாணத்துல விசில் அடிக்கிற மாதிரி நிக்கிறாரு, வேற படமே இல்லையா" என்று, இப்போது புகார் கொடுத்திருக்கும் இதே அம்மாள் அன்றைக்குக் கேட்டார். இன்றைக்கு அது அவருக்கு நினைவில்லை.

பகை வந்தது குழாயால். தம்பி வீட்டுக் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் பின்சந்தில் என் பட்டறைச் சுவரோடு இறங்குகிறது. சந்து இரண்டு வீட்டுக்கும் பொது. குழாயின் மூட்டு ஒழுகி, சுவர் ஊறி, பட்டறையில் இருந்த தராசுகளின் தண்டு நின்றாடும் கத்திமுனை துருப்பிடித்தது. கத்திமுனை துருப்பிடித்த தராசு செத்த தராசு. குழாயைத் திருப்பு என்று சொன்னேன். "பாக்கலாம்ணே" என்றான். மறு வருடமும் பாக்கலாம்ணே என்றான். அதற்கு அடுத்த வருடம், "அண்ணே, உன் தராசுக்கு இனிமே யார் வரப்போறா, ஒழுகினா ஒழுகிட்டுப் போகுது" என்றான். அன்றோடு நான் அவனுடன் பேசவில்லை. அது நடந்து ஆறு வருடம். அதன் பிறகு மழை பெய்த ஒவ்வொரு முறையும் அந்தச் சுவரையும், சந்துத் தரையில் வளர்ந்த பாசியையும் தேதியோடு படம் எடுத்து, அச்சுப் போட்டு, நகராட்சிக்குக் கொடுத்திருக்கும் புகாரோடு சேர்ப்பதற்காக வைத்திருக்கிறேன். இதுவரை இருநூற்றுப் பதினோரு படங்கள். படம் பொய் சொல்லாது என்று தெருவில் பலரிடம் சொல்லியிருக்கிறேன், அதை மறுக்கவில்லை.

இந்த மாதம் எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்குச் சந்தில் ஏணி சாத்தும் சத்தம் கேட்டு, கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். தம்பி ஏணியின் ஒன்பதாவது படியில் நின்று குழாயில் அடைத்திருந்த சருகைக் கம்பியால் குத்திக்கொண்டிருந்தான். நான் சந்தின் முனையில் நின்றேன். நான் நின்ற இடத்துக்கும் ஏணிக்கும் பதினான்கு அடி, மறுநாள் டேப் பிடித்து அளந்தேன். கேமராவைத் தூக்கியதை அவன் பார்த்துவிட்டான். "என்னண்ணே, இன்னும் அந்த டப்பாவ விடலியா" என்றான். ஆறு வருடத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. நான் திரையில் அவனை நடுவில் கொண்டுவந்தேன். "சரி, எடு, நகராட்சிக்காரன் பாத்து ஆசப்படுற மாதிரி எடு" என்று சொல்லி, குழாயைப் பிடித்திருந்த கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி நிமிர்ந்து நின்றான். நான் அமுக்கினேன். அவன் "ஒண்ணு" என்றான்.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், எழுத்தர் வரிசையை மாற்ற வேண்டாம். அமுக்கியவுடன் அந்தக் கேமராவின் திரை அப்படியே உறைந்துவிடும். திரையில் தம்பி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தான். நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "ரெண்டு" என்று அவன் சொன்னதில் பாதி கேட்டது, மீதியை ஏணிச் சத்தம் மறைத்துவிட்டது. அதன் பிறகு திரை கறுத்தது. அதன் பிறகு எடுத்த படம் திரையில் வந்தது. அதில் அவன் இரண்டு காலும் படியில் இல்லாமல் காற்றில் இருந்தான். அது எனக்குத் தெரிந்த நேரத்தில் அவன் ஏற்கெனவே தரையில் கிடந்தான். அதாவது அவன் விழும்போது நான் பார்த்தது நிற்கிறவனை, அவன் கிடக்கும்போது நான் பார்த்தது விழுகிறவனை.

படம் அட்டையில் ஏறி முடியும்வரை பொத்தான் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். அது அணைவதற்குள் அசைத்தால் அட்டை சரியாக உட்காராமல் படம் கெட்டுப்போகும் என்பதால், அது அணையும்வரை இரண்டு கையாலும் பிடித்தபடி அசையாமல் நிற்பது என் பழக்கம். ஆறு விநாடி ஆகும். அன்றைக்கும் நின்றேன். சத்தம் கேட்டு ஓடிவந்த தம்பி மனைவி கண்டது அதைத்தான். "விழுந்து கெடக்கிறாரு, இன்னும் படமா எடுக்குறீங்க, நீங்க மனுஷனா" என்று கேட்டார். நான் அந்த ஆறு விநாடி நின்றது உண்மை. நிற்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஏணியைத் தட்டியதாகச் சொல்வதற்கு என்னிடம் நூறு பதில் இருக்கிறது, இந்த ஒன்றுக்குப் பதில் இல்லை. பதில் இல்லை என்றே எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு ஆம்புலன்ஸ் வந்து அவனைக் கொண்டுபோனது. அன்று மாலையே புகார் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, யாரும் அழைக்காமல் நானே நிலையத்துக்கு வந்து, நான் எவ்வளவு தள்ளி நின்றேன் என்பதற்குச் சாட்சியாகக் கேமராவை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டீங்களே" என்றார். விழுகிற நேரம் பார்த்து எடுத்திருப்பதால், விழுவான் என்று முன்பே தெரிந்து காத்திருந்ததாக ஆகிறது என்று விளக்கினார். ஒன்றரை விநாடியைச் சொன்னேன். "அமுக்கினா உடனே விழும், எங்க வீட்டுக் குழந்தைக்கே தெரியும்" என்றார். "உங்க வீட்டுக் குழந்தை பிறக்கிறதுக்கு முந்தின கேமரா சார் இது" என்றேன். இப்போதே ஒரு சோதனை செய்யலாம், எழுத்தர் கையில் உள்ள ரப்பர் ஸ்டாம்பை நான் சொல்லும்போது கீழே போடட்டும், நான் அது கையில் இருக்கும்போதே அமுக்குகிறேன், படத்தில் தரையில் கிடக்கும் என்று சொன்னேன். சாட்சிப் பொருளை இனி நான் தொடக் கூடாது என்றார்கள். பேட்டரியைக் கழற்றாதீர்கள், கழற்றினால் கேமராவின் தேதி அழிந்து அது செய்யப்பட்ட வருடத்து முதல் நாளுக்குப் போய்விடும் என்று சொன்னேன். கழற்றினார்கள். இப்போது அந்தக் கேமராவின் கணக்குப்படி என் தம்பி இன்னும் கப்பலில் இருக்கிறான்.

ஏணி தானாக எப்படிச் சரியும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, தரையில் இருந்த பாசியில் ஏணிக்கால் வழுக்கியது, அவன் பிடித்திருந்த கையையும் எடுத்துவிட்டுத் திரும்பி நின்றதால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்தது, தட்டு சாய்வதைப் பார்த்தே ஐம்பது வருடம் வாழ்ந்தவன் நான் என்று சொன்னேன். அந்தப் பாசி அவன் குழாய் வளர்த்த பாசி, இருநூற்றுப் பதினோரு படத்திலும் இருக்கிறது. ஆறு வருடமாக வழுக்கும் என்று தெரிந்திருந்தும் ஏன் கழுவவில்லை என்று கேட்டார். "ஒரு தொடப்பம் போதுமே பெரியவரே" என்றார். கழுவினால் சாட்சியம் போய்விடும் என்பதால் கழுவவில்லை. நேற்றுக் காலை கழுவினேன். குழாய் இன்னும் என் சுவர்ப் பக்கம்தான் ஒழுகுகிறது, அந்தப் புகாரை நான் திரும்பப் பெறவில்லை.

அண்ணன் தம்பிக்குள் சமாதானமாகப் போகலாம், தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்கவும் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் தம்பி மனைவி புகாரைத் திரும்பப் பெறுவார் என்று எழுத்தர் எனக்கு நல்லது நினைத்துச் சொன்னார். "ஐயா, ஒரு வரிதானே, கௌரவமா முக்கியம்" என்றார். தட்டாத ஏணியைத் தட்டினேன் என்று ஒரு வரி எழுதினாலும், கண் திறக்கும்போது என் தம்பியிடம் அதைத்தான் முதலில் காட்டுவார்கள், ஆகையால் எழுதித் தர மறுத்தேன். படம் பொய் சொல்லவில்லை, பிந்திச் சொல்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நேற்று அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார்கள். தம்பியின் வாய் திறந்திருப்பதைக் காட்டி, உயிர் பயத்தில் அலறுவதாகச் சொன்னார்கள். இன்னும் பெரிதாக்கினார்கள், முகம் கட்டம் கட்டமாகக் கலைந்துபோனது. கலைவதற்கு முன்பு நான் பார்த்துவிட்டேன். அலறுகிறவனுக்கு வாய் விரியும். அவனுக்கு உதடு குவிந்திருந்தது. என் ஆல்பத்தில் உள்ள முப்பத்தெட்டுப் படங்களையும் மேசைமேல் வைத்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்கவும். என்னுடன் ஆறு வருடம் பேசாதவன், ஏணிமேல் பிடித்த கையை விட்டு நின்று, அண்ணன் படம் கெடக் கூடாது என்று அசையாமல் எண்ணினான். கால் படியை விட்ட பிறகும் எண்ணி முடித்தான்.

மேலே எழுதியது முழுவதையும் எழுத்தர் எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். நடந்ததை நடந்தபடி சொன்னேன், யாரும் மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. ஓரிடத்தில், படத்தில் உள்ள நபர் அலறினார் என்று எழுத்தர் எழுதியிருந்தார். அது அலுவலக வழக்கமான சொல், மாற்ற இயலாது என்றார். மாலை நான்கு மணி முதல் ஆறரை மணி வரை பேனாவைத் தொடாமல் எதிரே உட்கார்ந்திருந்தேன். அலறினார் என்பதை அடித்து, எண்ணினார் என்று எழுதி, அந்தத் திருத்தத்தின் பக்கத்தில் அவர் சுருக்கொப்பம் இட்ட பிறகு, கீழே நான் கையெழுத்து இட்டேன்.

(கையொப்பம்)
தராசுக்காரர்