அனிஷாவுக்கு ஆற்றிய பால்

பாலில் ஆடை கட்டினால் அனிஷாவுக்குப் பிடிக்காது. எப்போதும் வடிகட்டித்தான் கொடுப்பேன். அன்றும் வடிகட்டினேன், இன்ஸ்பெக்டர் மேடம்.

திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரியும். அது குற்றமென்றால் என்மேல் முன்பே நாலு வழக்கு இருந்திருக்கும். எதிர்வீட்டு கிளாராவின் மகள் அனிஷாவுக்குக் குரல் இருப்பதைக் கண்டுபிடித்ததும் நான்தான். பெற்றவளுக்குக் குக்கர் விசில் தவிர எதுவும் காதில் விழாது. மாதா கோயில் பாடகர் குழுவில் சேர்த்தேன். மூச்சை எங்கே நிறுத்துவது என்று சொல்லிக்கொடுத்தேன். சளி பிடித்தால் கஷாயம் போட்டேன்.

போன வருடம் ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் நடக்கும் கதை. பாட்டுக்காரியாகத் துடிக்கும் ஒரு பெண், அவளுக்கு ஒரு வாத்தியாரம்மா. அந்தப் பெண்ணாகப் பாடி நடிக்க அனிஷாவை எடுத்தார்கள். ஒத்திகை என் வீட்டில். வாத்தியாரம்மா வசனத்தை நான் வாசிப்பேன்.

படத்தில், சிஷ்யை தன்னை மிஞ்சிவிட்டாள் என்று வாத்தியாரம்மா பாலில் செந்தூரம் கலக்கிறாள். அதைக் குடித்தால் குரல் போய்விடும் என்று அந்தக் காலத்துப் பாடகர்களுக்கு ஒரு பயம். கடைசி நொடியில் மனம் மாறி டம்ளரைத் தட்டிவிடுகிறாள்.

"இது நம்புற மாதிரியா இருக்கு?" என்றேன்.

"சினிமான்னா அப்புடித்தான் அத்தே" என்று சிரித்தாள்.

பிறகு அவள் பேட்டி வந்தது. தெருவே போனில் பார்த்தது. குரு யார் என்று கேட்டார்கள்.

"குருவெல்லாம் யாருமில்லங்க. எதுத்த வீட்டு ரோசலின் அத்தை தெனமும் என்ன வெஞ்சனம்னு மோப்பம் புடிக்க வருவாங்க. வந்தா லேசுல போகமாட்டாங்க. அவங்கள வெரட்டத்தான் சத்தமாப் பாட ஆரம்பிச்சேன்."

கஷாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் பிரியாணிக் கடைக்காரன் கேட்டான்: "என்னக்கா, மோப்பம் புடிச்சே வந்துட்டீகளா?" நானும் சிரித்தேன். சிரிப்புக்குள் இறுகக் கடித்த பல் வீடு வரும்வரை வலித்தது.

சாயங்காலம் வழக்கம்போல ஒத்திகைக்கு வந்தாள். "கோவமா அத்தே? தமாசுக்குத்தான் சொன்னேன்."

"கோவமெல்லாம் இல்ல தாயி. அந்தப் பால் சீனையே பாப்போம்."

வசனம் பிசகாமல் சொன்னேன். டம்ளரை வாயருகே கொண்டுபோனாள். தட்டிவிட வேண்டிய இடத்தில் கையை மடியிலேயே வைத்திருந்தேன். குடித்து முடித்து உதட்டைத் துடைத்தாள்.

"தட்டிவிட மறந்துட்டீகளே அத்தே."

இப்போது மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. கிளாராவுக்குச் சோறு கொண்டுபோனதும் நான்தான். அக்கம்பக்கம் என்று பிறகு எதற்கு இருக்கிறோம்?

செந்தூரம் கலந்தது நான். தெரிந்தே கலந்தேன். பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள், அது சினிமாக் கதை. என் பெயருக்குப் பக்கத்தில் அவளுடைய குரு என்று எழுதுங்கள். வேண்டுமானால் அவளையே போய்க் கேளுங்கள். இனி அவள் இல்லையென்று சொல்லமாட்டாள்.