குடும்பத்தினருக்கான ஆறு வகுப்புகள்

அந்த வகுப்பில் கொடுக்கும் காபி நன்றாக இருக்கும். நகராட்சிக் கட்டடங்களில் கிடைக்கிற காபியை நீங்களும் குடித்திருப்பீர்கள், அதனால்தான் சொல்கிறேன். வகுப்பு நடத்துகிற மைக்கன் வீட்டிலேயே போட்டு ஃபிளாஸ்கில் கொண்டுவருவார். ஏலக்காய் பன்னும் இருக்கும். புதன்கிழமை மாலை ஐந்து மணி, நூலகத்தின் பின்னறை, ஆறு வாரம். நான் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. பதினொரு பேர் சேர்ந்தோம். கடைசிவரை வந்தது நான்கு பேர். குறிப்பெடுத்தது நான் மட்டும்தான். அந்த நோட்டுப் புத்தகம்தான் இப்போது உங்கள் மேசையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. கையெழுத்து புரியாத இடத்தில் கேளுங்கள், வாசித்துக் காட்டுகிறேன்.

ஆட்டிசம் என்று உறுதியானவர்களின் குடும்பத்துக்காக நடக்கிற வகுப்பு அது. அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் சின்னப் பிள்ளைகளைப் பெற்றவர்கள். மனைவி போடிலுக்காக வந்தவன் நான் ஒருவனே. அவளுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். நான் வீடுகளுக்கு ஹீட்டரும் காற்றோட்டக் குழாய்களும் பொருத்துகிறவன். எங்கள் ஊர் லெம்விக்கில் பாதி வீடுகளின் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போடில் விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். கோதுமையோ பார்லியோ மாதிரிக்கு ஒரு கைப்பிடி வரும். அதைக் கறுப்புத் தாளில் பரப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்து, களை விதைகளைப் பொறுக்கிப் பிரிப்பாள். நாள் முழுக்க அதே வேலை. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று சொல்வார்கள்.

வீட்டில் வேறு மாதிரி. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. என் அக்கா பிறந்தநாளில் எல்லாரும் எழுந்து நின்று பாட ஆரம்பித்ததும் இவள் எழுந்து போய்க் காருக்குள் உட்கார்ந்துகொள்வாள். புதுத் துணி வாங்கினால் முதலில் கழுத்தில் தைத்திருக்கும் லேபிளை வெட்டுவாள். யாராவது சொல்லாமல் வந்துவிட்டால் சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள். நான் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன். "நீ வேணும்னே பண்றே. இது வெறும் நடிப்பு" என்பேன். கொஞ்ச நேரம் அழுவாள். பிறகு வந்து மன்னிப்புக் கேட்பாள். நானும் மன்னித்துவிடுவேன். எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடியது. நன்றாகவே ஓடியது.

பிறகு பரிசோதனைக் கூடத்தை ஒரு பெரிய ஹாலுக்கு மாற்றினார்கள். நாற்பது பேர் ஒரே இடத்தில். மூன்றாவது வாரம் போடில் பிரிண்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டவள் எழுந்திருக்கவில்லை. டாக்டர், காத்திருப்பு, மறுபடி டாக்டர் என்று ஒரு வருஷம் போனது. போன வருஷம் மார்ச்சில், ஆட்டிசம் என்று உறுதிசெய்த காகிதம் கைக்கு வந்தது. நான் கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தேன். கதவைத் திறந்து உட்கார்ந்தவள் பெல்ட்டைப் போடவில்லை.

"ப்ரேபன், நான் வேணும்னு பண்ணலையாம்" என்றாள். "இதுல எழுதியே குடுத்துட்டாங்க."

சிரித்தாள். இருபத்தாறு வருஷத்தில் நான் கேட்காத சிரிப்பு. சொன்னால் நம்புவீர்களா தெரியாது, அந்தச் சிரிப்பு யாரோ என்னைப் பலர் முன்னால் அறைந்த மாதிரி இருந்தது. நான் வண்டியை எடுத்தேன். வழியில் வானொலி கேட்டோம். இல்லை, நான் கேட்டேன். அவள் பாதி வழியில் அதை அணைத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை.

அதன்பிறகு உதவி வந்தது. நம் நாட்டில் அதற்குக் குறைவில்லை. மைக்கன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தார். அவளைப் போன்ற பெண்கள் ஐந்தாறு பேர் வியாழக்கிழமைகளில் கூடினார்கள். ஃபிரிட்ஜில் ஒரு பலகை வந்தது. வாரத்தின் ஏழு நாள், ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு காந்த வில்லை. சாப்பாட்டு மேசையில் போடில் காதுக்கு மூடி போட்டுக்கொண்டாள். நான் கறுப்பு ரொட்டி மெல்லுகிற சத்தம் அவளுக்கு ஆகாதாம். அக்கா பிறந்தநாளுக்கு "நான் வரல" என்றாள். அதோடு சரி. காரணமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் எதிரில் வந்து நின்றாள்.

"நடிக்கிறேன்னு சொன்னேல்ல? அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கோ."

"யோசிக்கிறேன்" என்றேன்.

"இருபத்தாறு வருஷம் சொல்லிட்டு, இப்ப யோசிக்கணுமா?"

அன்று அவள் திரும்பக் கேட்கவில்லை. நான் மட்டும் நாள் கணக்கில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் சேர்ந்தது அப்போதுதான். புரிந்துகொள்ளத்தான் சேர்ந்தேன். அதில் பொய்யில்லை.

இரண்டாவது வகுப்பு ஒலியைப் பற்றியது. நமக்குக் காதில் விழாத மெல்லிய இரைச்சல்கூட சிலருக்குப் பல்லில் ஊசி ஏற்றுவதுபோல இருக்கும் என்றார் மைக்கன். நான் எழுதிக்கொண்டேன். அந்த வாரமே குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் ஒரு திருகைத் தளர்த்தினேன். மெல்லிய, உச்சஸ்தாயியில் ஒரு ஊளை. போனில் சுருதியை அளந்து பார்த்துத்தான் சரியான இடத்தில் வைத்தேன். போடில் வீடு முழுக்க அதைத் தேடிக்கொண்டு நடந்தாள்.

"ஏதோ சத்தம் வருதே. உனக்குக் கேக்கலையா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா."

இதையும் பொய் என்று எழுதாதீர்கள். எனக்கு ஐம்பத்தேழு வயது. அந்தச் சுருதி என் காதில் நிஜமாகவே விழாது.

மூன்றாவது வகுப்பு வாசனை, தொடுகை. அவள் வாசனையில்லாத சலவைத்தூள் மட்டும்தான் வாங்குவாள். நான் லாவெண்டர் தூள் ஒரு பெட்டி வாங்கி, அதில் கொஞ்சம் எடுத்து அவளுடைய வெள்ளைப் பெட்டிக்குள் கலந்து வைத்தேன். துணியில் நாற்றமடிக்கிறது என்று மறுபடி துவைப்பாள். அதே தூளில். சில நாள் ஒரே சட்டையை மூன்று முறை.

நான்காவது வகுப்பு, திட்டம் மாறுவது. முன்கூட்டிச் சொல்லாத மாற்றம் காலடியில் தரையை உருவுவது போல என்றார் மைக்கன். நல்ல உவமை, அடிக்கோடு போட்டிருக்கிறேன் பாருங்கள். அன்றிலிருந்து பலகையில் ஒரு வில்லையை மட்டும் நகர்த்தினேன். தினமும் இல்லை. தினமும் செய்தால் அதுவே பழகிவிடும். மைக்கன் வரும் செவ்வாய் புதனாகும். பல் டாக்டர் வெள்ளியிலிருந்து வியாழனுக்கு வருவார். அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய போனிலிருந்து வியாழக்கிழமைப் பெண்களுக்கு, எனக்கு உடம்பு சரியில்லை என்று அவள் எழுதுவதுபோல எழுதினேன். இரண்டு வாரம் கழித்து, இனி வரவில்லை என்று எழுதினேன். அவர்கள் எல்லாரும் கையெழுத்திட்டு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினார்கள். அதை அடுப்பில் போட்டேன். கிழமை குழம்பிக் கூட்டத்துக்குப் போகாமலிருந்த போடில், தன்னை ஒருவரும் விசாரிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். நான் அவளைத் தேற்றினேன்.

ஐந்தாவது வகுப்பில், ஒருவர் நிலைகுலையும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தந்தார்கள். விளக்கைக் குறை, பேச்சைக் குறை, தொடாதே, வழிவிடு. எனக்கு ஒருமுறை கேட்டால் போதும். அந்தச் சனிக்கிழமை அவள் சமையலறை மூலையில் சுருண்டுகொண்டபோது நான் எல்லா விளக்கையும் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து விடாமல் பேசினேன். இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டேன். அவள் என் முன்கையைக் கடித்துவிட்டாள். நான் கோபப்படவில்லை. போட்டோ எடுத்தேன்.

ஆறாவது வகுப்பில் அதைக் காட்டினேன். ஒரு அம்மா என் தோளில் கைவைத்தார். மைக்கனின் கண் கலங்கியிருந்தது. "நீங்க உங்களையும் பாத்துக்கணும் ப்ரேபன். இவ்வளவு பொறுமையான ஒரு கணவரை நான் பாத்ததில்ல" என்றார். வகுப்பு முடிவில் என்னைப் பொறுமைசாலி என்று எழுதிக் கொடுத்த சான்றிதழில் இருப்பதும் அவருடைய கையெழுத்துதான்.

வகுப்பு முடிந்தாலும் நான் நிறுத்தவில்லை. நவம்பர், டிசம்பர், ஜனவரி. உண்மையைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறோம்: அவை நல்ல மாதங்கள். அவள் காது மூடியைத் தானே கழற்றி வைத்துவிட்டாள், பயனில்லை என்று. எங்கே போனாலும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெஜமாவே சத்தம் இல்லையா? நெஜமாவே இன்னிக்குச் செவ்வாய் இல்லையா?" என்று கேட்பாள். நான் சொல்வதுதான் அவளுக்குக் கிழமை. நான் சொல்வதுதான் சத்தம். மறுபடி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள், ஒரு நாளைக்குப் பத்துமுறை. ஆனால் நான் எதிர்பார்த்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் மைக்கனிடம் அவளே சொன்னாள், இல்லாத சத்தம் தனக்குக் கேட்கிறது என்று. மைக்கன் பயந்துபோய் டாக்டரை அழைத்தார். மனநலப் பிரிவில் சேர்த்தார்கள், மாத்திரை எழுதினார்கள். நான் தினமும் போனேன், வாசனையில்லாத பூக்களோடு. நர்ஸுகள் என்னை மெச்சினார்கள். நான்காம் நாள் போடில் பத்து மணிநேரம் தூங்கினாள். ஆறாம் நாள் எழுந்து சாப்பிட்டாள். மாத்திரை வேலை செய்கிறது என்றார்கள்.

அங்கேதான் நான் கணக்கில் எடுக்காதது ஒன்று நடந்தது. மாத்திரையை அவள் விழுங்கவே இல்லை. எல்லாவற்றையும் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். மாத்திரையும் இல்லாமல் சத்தம் நின்றுவிட்டது என்றால் சத்தம் தலைக்குள் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. அப்படி யோசித்திருக்கிறாள். அவள் வேலையே அப்படித்தானே, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது.

எங்கள் மகள் சிஸெல் ஆல்போர்க்கில் படிக்கிறாள். ஒரு வியாழக்கிழமை அவள் வந்து அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறாள். நான் வேலையில் இருந்தேன். முதலில் ஒவ்வொரு மின்சாதனமாக அணைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். குளியலறைக்கு வந்தபோது சிஸெல், "அம்மா, எனக்கும் கேக்குது" என்றாளாம். அவளுக்கு இருபத்துநாலு வயது, அவளுக்குக் கேட்கும். போடில் அழவில்லையாம். நேராகப் போய்ச் சலவைத்தூள் பெட்டியை எடுத்துவந்து கறுப்புத் தாளில் பரப்பி லென்ஸை வைத்தாளாம். வெள்ளைப் பரல்களுக்கு நடுவே நீலப் பரல்கள். இரண்டையும் இரண்டு குவியலாகப் பிரித்து வைத்தாள். அதற்கப்புறம் என் கருவிப் பெட்டியைத் திறந்தார்கள். நோட்டு அதில்தான் இருந்தது.

நான் நாலு மணிக்கு வந்தபோது இரண்டு பேரும் சமையலறை மேசையில் இருந்தார்கள். சிஸெலின் முகம் சிவந்திருந்தது.

"ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல தேதி போட்டு டிக் பண்ணியிருக்கீங்க" என்றாள். "மனுஷனா நீங்க? அம்மாவுக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு என்கிட்டப் போன்ல அழுதீங்களே அப்பா. நான் உங்களைச் சமாதானம் பண்ணேன். உங்களை."

"உக்காந்து பேசலாம்" என்றேன்.

"உன்கூட இனிமே என்ன பேச்சு?" நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். நீங்கள் என்பது நீ ஆகிவிட்டது, கவனித்தேன்.

போடில் நோட்டை மூடினாள். குரலை உயர்த்தவில்லை. அவள் உயர்த்தியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

"எல்லாத்தையும் சரியா கேட்டிருக்கே" என்றாள். "ஒண்ணுகூட விடல. எனக்கு எங்க வலிக்கும், எவ்வளவு வலிக்கும், எது பண்ணா நிக்கும், அத்தனையும் உன் கையெழுத்துல இருக்கு. இதையெல்லாம் நான் இருபத்தாறு வருஷம் வாயால சொன்னேன் ப்ரேபன். நடிப்புன்னு சொன்னே. நீ நம்பாமத்தான் அப்படிச் சொல்றேன்னு நெனச்சேன். நீ நம்பியிருக்கே. நம்பினதாலதான் இதைப் பண்ண முடிஞ்சுது."

இரண்டு பேரும் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அதற்குப்பின் அவளை நான் பார்க்கவில்லை.

மறுநாள் மைக்கன் போன் செய்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "உங்களைப் பொறுமைசாலின்னு எழுதிக் குடுத்தேன்" என்றார். "அவங்க என்கிட்ட உதவின்னு கேட்டப்போ, நான் அவங்களை ஆஸ்பத்திரில தள்ளினேன். இனிமே அந்த வகுப்பை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடத்துவேன், சொல்லுங்க." பிறகு, தொலைபேசியில் சொல்லத்தகாத ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் விடுப்பில் இருப்பதாகக் கேள்வி. அந்த வகுப்பு நின்றுபோனால் அது என்மேல் வரும் பழி இல்லை. சொல்லித்தந்தது சரியாகத்தான் இருந்தது.

மனரீதியான வன்முறைக்கு என்று தனியாக ஒரு சட்டப்பிரிவு இருப்பது, நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதில் எழுதியிருப்பது எல்லாம் நான் செய்ததுதான். திருகு, தூள், வில்லை, போன், விளக்கு. வேறு யாருக்கும் பங்கில்லை. தெரிந்தேதான் செய்தேன், அவளுக்கு வலிக்கும் என்று தெரிந்து செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

எப்போது நிறுத்தியிருப்பீர்கள் என்று கேட்டீர்கள். அது சுலபமான கேள்வி. ஒவ்வொரு நாளும் நிறுத்தத் தயாராகத்தான் இருந்தேன். அந்தக் காகிதம் தப்பு, நீ சொன்னதுதான் சரி, நான் வேண்டுமென்றுதான் செய்தேன் என்று அவள் ஒருமுறை சொல்லியிருந்தால் அன்றே திருகை முறுக்கியிருப்பேன். ஐந்து மாதம் காத்திருந்தேன். அவளுக்குத் தூக்கமில்லை, சாப்பாடில்லை, இன்ன கிழமை என்று தெரியவில்லை. அப்போதும் சொல்லவில்லை. அவளைப் பிடிவாதக்காரி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.