செவ்வாக்கிழமை பாட்டில்

…மூணு நாளா இதே கதைதான் தம்பி! மூடுபனியாம், பிளேன் எறங்காதாம். ஏன், போன வருசம் இதவிட மோசமான பனியில எறங்கலயா? அந்தப் பைலட்டுக்கு ஆங்கரேஜ் பட்டணத்துல யாரோ விருந்து வச்சிருக்காங்க, அதான் விஷயம். நீங்க உக்காருங்க. பறவ பாக்க வந்தவங்கதானே? கேமராவப் பாத்தாலே தெரியுதே. ஐயய்யோ, அந்தப் பெட்டி மேல காலப் போடாதீங்க! அது என் தண்ணி.

கடல் தண்ணிதான். ஏன் அப்பிடிப் பாக்குறீங்க? ரெண்டு சொட்டு மருந்து விட்டிருக்கேன், தண்ணி கெடாது. என் பொறுமதான் கெட்டுப்போவுது.

ஆறு வருசமா இதே வேலதான். செவ்வாக்கிழமையானா படகுத்துறைக்குப் போயி, மண்டி போட்டு, ஒரு பாட்டில் புடிச்சுப் பிளேன்ல அனுப்பணும். ஆய்வுக்கூடத்துல மார்னின்னு ஒரு பொண்ணு அளந்து சொல்லுவா, எவ்ளோ புளிச்சிருக்குன்னு. ஆமா, கடல் புளிக்குது. நாம விடுற புகையெல்லாம் எங்க போவுது? பாதிய இந்தக் கடல்தான்… பாதி இல்ல, கால்வாசின்னு மார்னி திருத்துவா. சோடா ஜில்லுன்னு இருந்தாத்தானே காஸ் நிக்குது? அதே மாதிரி குளுந்த கடலு ஜாஸ்தி குடிக்குது. எங்க பெரிங் கடலுக்கு இதுலயும் முதல் மரியாத! தண்ணி புளிச்சா நண்டுக்குஞ்சுக்கு ஓடு சரியாப் புடிக்காது. நண்டு இல்லன்னா இந்தத் தீவுல என்ன இருக்கு? நீங்க பாக்க வந்த பறவயும் எங்க பிங்கோ ஆட்டமுந்தான்.

தெரெந்தின்னு எனக்கு ஒரு கொழுந்தன். எங்க வீட்டுக்காரரோட தம்பி. நண்டுப் படகு வச்சிருக்கான். நான் துறையில மண்டி போட்டா, "என்ன அண்ணி, கடலுக்குக் காய்ச்சலா, டெஸ்டுக்கு அனுப்புறீங்களா?"ன்னு கத்துவான். நாலு பேரு சிரிப்பாங்க. ஆறு வருசமா இதே ஜோக்கு! புதுசாவாச்சும் ஒண்ணு யோசிக்கத் தெரியுதா அவனுக்கு?

இப்பிடி இருக்கையில போன அக்டோபர்ல மார்னி போன் பண்றா. குரலே சரியில்ல. "ஃபியோதோசியா, போன வாரத்துத் தண்ணி ரொம்பப் புளிப்பு. இப்பிடி ஒரு அளவ நான் பாத்ததே இல்ல. இன்னொரு தரம் பாக்கணும், யாருகிட்டயும் சொல்லாதீங்க"ங்குறா. சொல்லாதன்னா நான் சொல்லுவேனா? எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். கடைக்காரிகிட்டயும். சரி, சர்ச்சுலயும் ரெண்டு பேருகிட்ட.

சாயங்காலத்துக்குள்ள ஊரே கூட்டம் போட்டிருச்சு. யாரும் எதிர்பாக்கல தம்பி, தெரெந்தி எந்திரிச்சு நிக்கிறான். தொப்பியக் கையில புடிச்சிக்கிட்டு. "அண்ணி சொன்னத நான் கேக்கல. மூணு வருசமா எனக்கு நண்டுக் கூடு காலியாத்தான் வருது, காரணம் இப்பத்தான் தெரியுது"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டான். எனக்கா, தல கூரையில முட்டுது! ஆறு வருசத்துல அன்னிக்கித்தான் மரியாத.

பத்து நாளு. பத்தே நாளுதான் அந்த மரியாத.

ஒரு ஞாயித்துக்கிழம ஹாலிபட் மீன் ஊறுகா போடுறேன். வினிகர் அளக்க ஒண்ணும் கெடைக்கல. போன தரம் எதுல அளந்தோம்னு யோசிச்சேன்… வினிகர அப்பிடியே கீழ வச்சிட்டேன் தம்பி. போன தரம் நான் ஆய்வுப் பாட்டில்லதான் அளந்தேன். அளந்துட்டு, கழுவித் திரும்பப் பெட்டியிலயே வச்சிருக்கேன். கடல் தண்ணியிலயே மூணு தரம் கழுவிட்டுத்தான் புடிக்கணும், அது சட்டம். அந்தச் செவ்வாக்கிழம பிங்கோ இருந்துச்சு, அவசரம். நான் ஒரு தரந்தான் கழுவினேன். ஒரே தரம்.

என்ன, சிரிப்பு வருதா? சிரிங்க சிரிங்க. ஊரே சிரிச்சிருச்சு, உங்களுக்கு என்ன.

மறைச்சிருக்கலாம். எங்க வீட்டுக்காரரு அதத்தான் சொன்னாரு. ஆனா மார்னி பாவம், ராத்தூக்கம் இல்லாம ஒக்காந்திருந்தா. போன் பண்ணி ஒத்துக்கிட்டேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா. அப்புறம், "ஊறுகா நல்லா வந்துச்சா?"ன்னு கேட்டா. நல்ல பொண்ணு.

தெரெந்திதான் விடல. எல்லாருக்கும் முன்னால அவன நம்ப வச்சு அசிங்கப்படுத்திட்டேனாம். "ஆறு வருசமா நீங்க அனுப்புனது பூரா ஊறுகாத் தண்ணிதான்"னு துறையில நின்னு கத்துறான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! "ஒரு பாட்டில் தப்புன்னா முந்நூறும் தப்பா? இந்தா, நீயே புடி. உன் கையாலயே புடி. உன் பேரையே எழுது"ன்னு பெட்டிய அவன் கையில வச்சேன். கோவத்துல புடிச்சான். நாலு வாரம் அவனே புடிச்சான். நான் தொடவே இல்ல.

நாலுக்கும் அளவு வந்துச்சு, மார்னி காகிதத்துல கோடு போட்டு அனுப்பியிருந்தா. என் வினிகர் பாட்டில் அளவுக்கு மோசமெல்லாம் இல்ல. ஆனா மத்த முந்நூறும் காட்டுன அதே கோட்டுலதான் நாலும் நின்னுச்சு. ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் கொஞ்சம் கூடிக்கிட்டே போற அதே புளிப்பு.

நான் ஜெயிச்சிட்டேன்ல? துள்ளிக் குதிக்கணும்ல? அந்தக் காகிதத்த எடுத்துக்கிட்டு தெரெந்தி வீட்டுக்கு வந்தான். பொரிச்ச ரொட்டி வச்சேன், தொடல. காகிதத்துல அந்தக் கோட்டு மேலயே வெரல ஓட்டிக்கிட்டிருந்தான். அப்புறம் தலயத் தூக்காமயே கேட்டான்: "அண்ணி… இதுலயும் ஏதாச்சும் கலந்திருக்கும்னு சொல்லுங்களேன்."

நான் சின்னச் சின்னப் பொய்யெல்லாம் சொல்றவதான் தம்பி. பிங்கோவுல கூட… அது வேற கத. ஆனா அன்னிக்கி அந்தப் பொய்ய மட்டும் சொல்ல முடியல. ரொட்டிய அவன் பக்கம் தள்ளி வச்சேன். அவ்ளோதான் முடிஞ்சுது.

இப்ப செவ்வாக்கிழமையானா எனக்கு முன்னாடியே வந்து துறையில நிக்கிறான். இந்தப் பாட்டிலும் அவன் புடிச்சதுதான். ஏழு தரம் கழுவுறான் தம்பி. மூணு தரம் போதும்டான்னா கேக்க மாட்டேங்குறான்.